செட்டிநாட்டு வழிபாட்டிடங்களைத் தாங்கி நிற்கும் கணக்கு

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அந்தச் சாலையில் குன்றக்குடி சண்முகநாதர் மலைக்கோயில் வருகிறது. அடுத்து பிள்ளையார்பட்டியில் பாறையைக் குடைந்து செதுக்கிய கற்பக விநாயகர், வைரவன்பட்டியில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வளரொளிநாதர் கற்றளி, முடிவில் தேவாரப் பாடல் பெற்ற திருத்தளிநாதர். திருப்பத்தூருக்குள்ளேயே பள்ளிவாசல்களும், சுவீடன் நாட்டு லுத்தரன் மிஷன் தொடங்கிய மருத்துவமனையும் உண்டு. தேவகோட்டைப் பக்கம் திரும்பினால் சருகணி கத்தோலிக்க ஆலயம். திருமயம் பக்கம் போனால் காட்டுபாவா பள்ளிவாசல்.

இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தையும் தூணையும் வண்ணத்தையும் எழுதுகிறார்கள். அவை எழுதத் தகுந்தவைதான். ஆனால் வறண்ட மண்ணில், பெரிய ஆறு எதுவும் பாயாத ஊர்களில், இத்தனை கட்டடங்கள் எப்படி எழுந்தன, எப்படி நிற்கின்றன, எதனால் பழுதாகின்றன என்று கேட்டால், விடை சிற்பத்தில் கிடைக்காது. யார் யாரிடம், எந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, எதற்காகப் பணம் வசூலிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்து, இஸ்லாமிய, கிறித்தவ வழிபாட்டிடங்கள் மூன்றுமே செட்டிநாட்டில் ஒரே வகையான கணக்கில்தான் நிற்கின்றன. பெயர்தான் வேறு வேறு.

ஒன்பது கோயில்களும் புள்ளிக் கணக்கும்

நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் அவர்களுக்குள் பொதுவாகப் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் இரண்டு கோயில்களாக இருந்தாலும் அண்ணன் தம்பி முறை. அங்கேயும் சம்பந்தம் கிடையாது. பெண் திருமணமானதும் கணவன் வீட்டுக் கோயிலுக்கு உரியவளாகிறாள்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கோயில் இருக்கும் ஊரும், அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் குடியிருக்கும் ஊர்களும் வேறு வேறு. மாத்தூர்க் கோயிலைச் சேர்ந்தவர் தேவகோட்டையில் இருப்பார், கானாடுகாத்தானில் இருப்பார், இன்றைக்குச் சென்னையிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அக்கம்பக்கத்து மக்கள்தொகையை வைத்து அளந்தால், இலுப்பைக்குடிக்கோ சூரைக்குடிக்கோ அவ்வளவு பெரிய கோயில் தேவையே இல்லை. அந்தக் கோயில்களின் அளவை நிர்ணயித்தது ஊரின் தலைக்கணக்கு அல்ல. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் பங்காளிகளின் புள்ளிக் கணக்கு.

புள்ளி என்பது திருமணமான ஒரு குடும்பம். கல்யாணம் ஆனதும் கோயில் ஏட்டில் புதிய புள்ளி விழும். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. புள்ளிவரி எல்லோருக்கும் ஒரே தொகை. வட்டிக்கடை வைத்துப் பெரும் செல்வம் சேர்த்தவருக்கும், அவரிடமே கணக்கெழுதும் பங்காளிக்கும் அந்த வரி ஒன்றுதான். வசதி உள்ளவர் அதற்கு மேல் கொடுப்பது அவர் விருப்பம்; அதைத் தனியாக எழுதுவார்கள். வியாபார லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் மகமை இன்னொரு வழி. திருவிழாவில் சாமிக்குப் படைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவது மூன்றாவது வழி. இந்த மூன்றில் உறுதியானது புள்ளிவரிதான். மகமை வியாபாரத்தோடு ஏறி இறங்கும், ஏலம் அந்தந்த ஆண்டு யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. புள்ளியோ குறையாமல் வந்து சேரும்.

ஏன் குறைவதில்லை? கோயிலை விட்டுவிட்டுக் கல்யாணம் நடக்க முடியாது என்பதுதான் காரணம். மாப்பிள்ளையின் கோயிலிலிருந்தும் பெண்ணின் கோயிலிலிருந்தும் திருமணத்துக்கு மாலை வந்தாக வேண்டும். மாலை வந்தால்தான் அந்தத் திருமணம் நகரத்தார் வழக்கில் பதிவாகும், புதிய புள்ளி உண்டாகும். இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஓலையும் இந்த ஏற்பாட்டோடு சேர்ந்ததே. வரி பாக்கி வைத்தவர் மாலை கேட்டு வரும்போது பழைய கணக்கு எடுக்கப்படும். இத்தனை நூற்றாண்டுகள் வசூல் அறுந்து போகாததற்கு இதைவிட வலுவான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளிலும் பர்மா, மலேயா, இலங்கைப் பணம் இந்தக் கணக்கு வழியாகத்தான் கருங்கல்லாக மாறியது. பழைய கோயில்கள் பிரித்துப் பெரிதாகக் கட்டப்பட்டன. இரணியூர் ஆட்கொண்டநாதர் கோயில் மண்டபத்துத் தூண்களையும் விதானத்தையும் நின்று பார்த்தால் கல்தச்சர்களுக்குக் கூலியும் காலமும் தாராளமாகக் கிடைத்திருப்பது தெரியும். அவசரத்தில் அப்படிச் செதுக்க முடியாது. இளையாத்தங்குடிக்கு வேறொரு பெருமையும் உண்டு. காஞ்சிப் பெரியவர் முன்னின்று 1962இல் ஆகம சில்ப சதஸ் நடத்தியது அங்கேதான். கோயில் கட்டும் முறையை அறிந்தவர்கள் ஒன்றுகூடிப் பேசுவதற்கு அந்த ஊர் பொருத்தமான இடம்.

பிள்ளையார்பட்டி இவற்றில் தனி. நகரத்தார் அதைப் பேணுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குடைவரை அங்கே இருந்தது. இரண்டே கைகளும் வலம் சுழித்த தும்பிக்கையுமாக வடக்கு நோக்கி அமர்ந்த உருவம். குடைவரையில் ‘எக்காட்டூருக் கோன் பெருந்தசன்’ என்று ஒரு பழைய பொறிப்பு இருக்கிறது. செய்தவன் பெயர் என்று அறிஞர்கள் கருதும் இந்தச் சிறு வரி, தமிழகத்தில் தச்சன் பெயர் பதிவாகிக் கிடைத்த மிகப் பழைய இடங்களில் ஒன்று. பிள்ளையாரைப் பார்த்துத் திரும்பும் கூட்டத்தில் அதைத் தேடிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தம்தான்.

பிரான்மலை: அடிவாரத்தில் சிவன், உச்சியில் தர்கா

மகமை நகரத்தார் கண்டுபிடித்த ஏற்பாடு என்று நினைத்தால் பிரான்மலைக்குப் போக வேண்டும். பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் மலை இது. திருஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம். கோயில் குன்றக்குடி ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது. இங்கே சுமார் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீண்ட வணிகக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுக்கள் கூடி, தாங்கள் வாங்கி விற்கும் ஒவ்வொரு சரக்குக்கும் இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டதை அது சொல்கிறது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி, தேன், மெழுகு என்று போகும் பட்டியல் குதிரை, யானை வரை நீள்கிறது. சரக்கின் விலைக்கு ஏற்ப விகிதமும் மாறுகிறது. கோயில் திருப்பணிக்கு யாரோ ஒரு அரசன் கொடுத்த நன்கொடை என்ற பழக்கமான கதையை இந்தக் கல்வெட்டு அடியோடு மாற்றிவிடுகிறது. போகிற வருகிற பொதிமாடுகள் கொடுத்த சில்லறைதான் இங்கே திருப்பணி.

அதே மலையின் உச்சியில் ஷேக் அப்துல்லா அவுலியா தர்கா இருக்கிறது. அடிவாரத்தில் சிவனைக் கும்பிட்டவர்கள் மேலே ஏறி தர்காவிலும் கும்பிட்டு இறங்குவது இங்கே வழக்கமான காட்சி. இதை மத நல்லிணக்கத்தின் அடையாளம் என்று மேடையில் சொல்வது எளிது. தண்ணீர், பாதை, படிக்கட்டு ஆகியவற்றை இரு தரப்பாரும் பகிர்ந்தே பயன்படுத்த வேண்டியிருக்கும் மலையில், நல்லிணக்கம் நாள்தோறும் நடைமுறையில் பழகியாக வேண்டிய ஒன்று. மேடைப் பேச்சைவிட அதைத்தான் நாங்கள் மதிக்கிறோம்.

குன்றக்குடி அடிகளார் (1925–1995) இந்த நடைமுறையை அமைப்பாகவே ஆக்க முயன்றார். மண்டைக்காட்டில் 1982இல் கலவரம் நடந்தபோது அங்கே போய் அமைதிப் பணி செய்தார். மூன்று மதத்தவரும் ஒன்றாக அமரும் திருவருட் பேரவையில் அவர் பங்கு பெரியது. சைவ மடத்தின் தலைவர் ஒருவர் இப்படிச் செய்தது செட்டிநாட்டில் பெரிய வியப்பாக இல்லை என்றால், பிரான்மலை போன்ற இடங்கள் முன்பே இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பள்ளிவாசல்: 22 பாகையும் ஒரு ஹவுஸும்

செட்டிநாட்டுத் தெருக்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக, வடக்கு தெற்காக நூல் பிடித்தாற்போல் போட்டவை. வீடுகளும் அப்படியே: ஒரு தெருவில் தலைவாசல், பின் தெருவில் கொல்லை வாசல். இந்தக் கட்டத்துக்குள் பள்ளிவாசல் கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சிக்கல் வரும். காரைக்குடியிலிருந்து மக்காவின் திசை நேர் மேற்கு கிடையாது. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 22 பாகை. அதாவது மேற்கைப் பார்த்து நின்று சற்று வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

மனை தெருவுக்கு நேராக இருக்க, தொழுகைத் திசையான கிப்லா 22 பாகை சாய்ந்திருந்தால் இரண்டு வழிதான். கட்டடத்தையே சாய்த்துக் கட்டலாம். அப்போது மனையின் நான்கு மூலைகளிலும் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். அந்த மூலைகளில்தான் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடம், மோதினார் அறை, செருப்பு வைக்கும் இடம் எல்லாம் வரும். அல்லது கட்டடத்தைத் தெருவுக்கு நேராகவே கட்டி, உள்ளே தொழுகை வரிசைகளை மட்டும் சாய்த்துப் போடலாம். இது மலிவு, ஆனால் இடம் போகும். வடக்கு தெற்காக 40 அடி அகலமுள்ள கூடத்தில் வரிசை 22 பாகை சாய்ந்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 16 அடி வித்தியாசம் வரும். முன்பக்கம் ஒரு முக்கோணம், பின்பக்கம் ஒரு முக்கோணம் பயன்படாமல் போகும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வெளியே பந்தல் போட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். திசைகாட்டி துல்லியமாக இல்லாத காலத்தில் மேற்கையே கிப்லாவாகக் கொண்டு கட்டிய பள்ளிகளில், பிற்காலத்தில் தரையில் கோடு போட்டு வரிசையைத் திருத்துவது உண்டு. கம்பளமோ பாயோ புதிதாக வாங்கும்போது இந்தக் கோட்டை அளந்த பிறகே வாங்க வேண்டும். கூடத்தின் சுவரை அளந்து வாங்கிவிட்டு வெட்டி ஒட்டுவதில் பணம் வீணாகும்.

ஹவுஸ் என்னும் ஒளுத் தொட்டிக்கும் கணக்கு உண்டு. இந்த வட்டார ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி மத்ஹபினர் (இஸ்லாமியச் சட்டப் பிரிவினர்). அந்த வழக்கில் பத்து முழத்துக்குப் பத்து முழம் உள்ள தொட்டி பெரிய நீராகக் கருதப்படும். பலர் கைகால் கழுவினாலும் அசுத்தமாகாது என்பது விதி. அதாவது ஏறத்தாழ 15 அடிக்கு 15 அடி. வறண்ட ஊரில் இந்த அளவுத் தொட்டியை நிரப்பி வைக்க நல்ல கிணறு வேண்டும். நிலத்தடி நீர் இறங்கிய இடங்களில் ஹவுஸை மூடிவிட்டுக் குழாய் வரிசை வைப்பது அதனால்தான். தொட்டியை மூடுபவர்கள் பலர் அதை மண் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். மழைநீர்த் தொட்டியாக வைத்துக்கொண்டால் செலவும் மிச்சம், நீரும் மிச்சம்.

பணக் கணக்கு நகரத்தார் கணக்கைப் போலவே இருக்கும். பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களின் அமைப்பான ஜமாஅத்துக்குத் தலைக்கட்டு வரி அல்லது மாதச் சந்தா. பதிவேட்டைப் பள்ளிவாசல் பொறுப்பாளரான முத்தவல்லியும் நிர்வாகக் குழுவும் வைத்திருப்பார்கள். நிக்காஹ் பள்ளிவாசல் தஃப்தரில் (பதிவேட்டில்) பதியப்பட வேண்டும். வெளியூரில் சம்பந்தம் செய்தால் சொந்த ஜமாஅத்தின் கடிதம் வேண்டும். கடிதம் கேட்கும் நாளில் சந்தா பாக்கி தீரும். இறந்தவரின் உடலுக்குக் கபர்ஸ்தானில் (அடக்கத்தலத்தில்) இடம் கொடுப்பதும் இதே பதிவேட்டை வைத்துத்தான்.

திருமயம் – மதுரைச் சாலையிலுள்ள காட்டுபாவா பள்ளிவாசல் போன்ற தர்காக்களின் நிலை இதிலிருந்து மாறுபடும். அங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேல் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வழிப்போக்கர்களாகவும் பிற மதத்தவராகவும் இருக்கலாம். வருமானம் உண்டியலிலும் நேர்த்திக்கடனிலும் கந்தூரி என்னும் தர்கா விழாக் காலத்திலும் வரும். அதனால் தர்காவின் வருமானம் சாலைப் போக்குவரத்தைச் சார்ந்தது, ஜமாஅத்தின் வருமானம் குடும்பங்களைச் சார்ந்தது. இரண்டையும் ஒரே நிர்வாகம் ஒரே பெட்டியில் போட்டுக் கணக்கெழுதும் இடங்களில்தான் சச்சரவு வரும்.

சருகணித் தேரும் ஓலை வாசிப்பும்

கத்தோலிக்கர்களுக்குச் சிவகங்கை மறைமாவட்டம் 1987இல் மதுரையிலிருந்து பிரிந்து உருவானது. ஆனால் இங்குள்ள கிறித்தவம் அதைவிட மிகப் பழையது. செட்டிநாட்டின் கிழக்கு எல்லையைத் தாண்டி ஓரியூரில் அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று கொல்லப்பட்டார். 1947இல் புனிதர் பட்டம் பெற்றார். தேவகோட்டையில் தே பிரித்தோ பள்ளி அவர் பெயரைத் தாங்கியது.

சருகணி ஆலயத்துக்கு மருது சகோதரர்கள் தேர் செய்து கொடுத்தார்கள் என்பது இந்த வட்டாரம் முழுக்கச் சொல்லும் செய்தி. குன்றக்குடிக்கும் காளையார்கோயிலுக்கும் திருப்பணி செய்த அதே மருதுபாண்டியர்தான். ஆட்சியாளர் தன் சமயத்துக்கு மட்டும் கொடுப்பது என்பது அன்றைய வழக்கமில்லை. எந்த ஊரில் எந்தச் சனம் இருக்கிறதோ அந்தச் சனத்தின் கோயிலுக்குக் கொடுத்தால்தான் வரியும் படையும் கிடைக்கும். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் அவர்கள் தூக்கிலிடப்பட்ட பின்னும் கோயிலும் தேரும் நின்றன என்றால், அவற்றை அந்தந்த ஊரார் தங்கள் கணக்கில் ஏற்றுக்கொண்டதால்தான்.

தமிழ்க் கத்தோலிக்க ஆலயத்தில் கொடிமரம், கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி எல்லாம் உண்டு. தேருக்கு அச்சும் சக்கரமும் செய்வது இந்துக் கோயில் தேர் செய்யும் அதே வகை மரத்தச்சர்கள். பழுதும் ஒரே மாதிரி வரும்: ஓராண்டு முழுக்க வெயிலில் நிற்கும் சக்கரம் ஒரு பக்கம் காய்ந்து வெடிக்கும், அச்சில் கரையான் ஏறும். தேர்க்கொட்டகையும், சக்கரத்துக்கு அடியில் மண் படாமல் கல் வைப்பதும் தேரின் ஆயுளை நீட்டும்.

கல்யாணத்துக்கு முன் பங்கு (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள வட்டாரம்) ஆலயத்தில் மூன்று ஞாயிறு மண அறிவிப்பான ஓலையை வாசிக்க வேண்டும். மணமக்கள் வேறு வேறு பங்கென்றால் இரண்டு இடத்திலும் வாசிப்பு நடக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, வரிப் பதிவேடு மூன்றும் பங்குத்தந்தையின் மேசையில் அடுத்தடுத்து இருக்கும். லுத்தரன் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் இருக்கிறது. காய்கறியும் கோழியும் பல மடங்கு விலைக்குப் போகும். நகரத்தாரின் எலுமிச்சம்பழ ஏலத்தை அறிந்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

புரவி: சேர்த்து வைக்காத கோயில்

இத்தனை பதிவேடுகளுக்கும் வெளியே நிற்பது அய்யனார். அவருக்குக் காடு உண்டு, குதிரை உண்டு. நிலையான கட்டடம் பல ஊர்களில் சிறியது அல்லது இல்லவே இல்லை. திருமயத்துக்கு வடக்கே நமணசமுத்திரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொடுக்கும் புரவி எடுப்பு தொடங்குவது பிடிமண்ணில். ஊரார் கூடி, ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் குயவரான வேளார் கையில் கொடுப்பார்கள். பணம் ஊர் வரியாகப் பிரியும். வேளார் அந்தப் பிடியைச் சேர்த்து மண் பிசைவார்.

குதிரையின் கால்கள் முதலில் குழலாக எழும். உள்ளே கூடு, வெளியே தட்டுப்பலகையால் தட்டிச் சீராக்கிய சுவர். உமியும் மணலும் கலந்த மண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காயும்போதே பிளக்கும். கால் இறுகிய பிறகுதான் வயிறு, பிறகு கழுத்து, தலை. ஒரே நாளில் உயர்த்தினால் கீழ்ப்பகுதி பாரம் தாங்காமல் அமுங்கும். சுவரின் கனம் ஒரு சீராக இல்லாவிட்டால் சூளையில் கனமான இடம் வெடிக்கும். உள்ளே ஈரம் மிஞ்சினாலும் வெடிக்கும். அதனால்தான் ஆங்காங்கே துளை விடுவார்கள். பெரிய குதிரையைத் தூக்கிச் சூளையில் வைக்க முடியாது; நிற்கும் இடத்திலேயே வைக்கோலும் வறட்டியும் சுற்றி அடுக்கிச் சுடுவார்கள்.

எடுப்பு முடிந்ததும் பழைய குதிரையைச் சீர்செய்வதில்லை. அது அங்கேயே உடைந்து மண்ணாகும், அடுத்த முறை புதிது வரும். பராமரிப்புச் செலவு அடியோடு இல்லாத ஒரே வழிபாட்டு ஏற்பாடு இதுதான். மற்றக் கட்டடங்களின் சிக்கலைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சிமெண்டில் குதிரை செய்து எனாமல் அடிப்பது இப்போது பரவி வருகிறது. அது வேளாரின் வேலையைப் பறிப்பதோடு, நிரந்தரமாகப் பராமரிக்க வேண்டிய ஒரு பொருளையும் ஊர் தலையில் ஏற்றுகிறது.

கணக்கில் யார், வெளியே யார்

பதிவேடு என்றால் சேர்ப்பும் உண்டு, விலக்கும் உண்டு. திருமயத்தில் ஒரே பாறையின் அடியில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அடுத்தடுத்த குடைவரைகளில் இருக்கிறார்கள். சைவர், வைணவர் இரு தரப்புக்கும் நில வருவாயிலும் எல்லையிலும் வழக்கு முற்றி, 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் காலத்தில் தீர்ப்பாகிக் கல்லில் பொறிக்கப்பட்டது. வருவாயைப் பங்கிட்டு எல்லையை வகுத்துக் கொடுத்ததுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இரண்டு கோயிலும் இன்றும் நடக்கின்றன.

தேவகோட்டைக்கு அருகே கண்டதேவி சுவர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேர் இதற்கு எதிர்ப்பக்கம். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என நான்கு நாட்டாருக்கு வடம் பிடிக்கும் மரியாதை. தலித் மக்கள் தாங்களும் வடம் பிடிக்க உரிமை கேட்டபோது பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. 2006க்குப் பிறகு பல ஆண்டுகள் தேர் ஓடவில்லை. 2024 ஜூனில்தான் பலத்த காவலோடு மீண்டும் ஓடியது. வரி கொடுப்பவருக்கு மரியாதை என்று தொடங்கியது, மரியாதை உள்ளவரிடம் மட்டும் வரி வாங்குவது என்று இறுகிப்போனால் தேரே நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வடத்தைத் தொடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பழுது எங்கிருந்து வருகிறது

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்றால் கோடிக்கணக்கில் வசூலாகும். பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறோம் என்றாலும், ஆலயத்துக்கு நூற்றாண்டு விழா என்றாலும் அப்படியே. ஆனால் மேல்தளத்துத் தூம்பில் அடைத்த சருகை எடுக்க ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று யாரும் வரி போடுவதில்லை. புள்ளிக் கணக்கும் தலைக்கட்டுக் கணக்கும் பெரிய செலவுக்காக அமைந்தவை. ஆள் ஊரிலேயே குடியிருந்த காலத்தில் சிறு வேலைகள் தானாக நடந்தன. ஊர் வெறிச்சோடிய பிறகு பணம் மட்டும் வங்கி வழியாக வந்து சேர்கிறது. கவனிக்கும் கண் வரவில்லை. பழுது பெரிதாகும் வரை காத்திருந்து, பிறகு பெரிய பணத்தை வைத்துத் தவறான பொருளால் சரிசெய்வதே இங்கே நடக்கும் பெரிய கேடு.

முதல் தவறு சிமெண்டு. பழைய சுவரும் கோபுரச் சுதையும் சுண்ணாம்புச் சாந்தில் ஆனவை. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்தது. அது ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும், உப்பு படிகமாகி விரியும், இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். விழும்போது பழைய சாந்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சுதைச் சிற்பங்களுக்கு எனாமல் அடிப்பதும் இதே கெடுதல்தான். அதோடு ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் ஒரு படலம் ஏறி மூக்கும் விரலும் மழுங்கிப்போகும்.

இரண்டாவது, மேல்தளம். கற்பாளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கி, தட்டோடு பதித்தது பழைய தளம். ஒழுகினால் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே கான்கிரீட் போடுகிறார்கள். ஒழுகல் நிற்காது, பாரம் மட்டும் கூடும். கல் உத்திரம் நடுவில் கீறல் விடும். தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் மரச்சட்டத் தளம் இருந்தால் இன்னும் மோசம், கரையான் அரித்தது வெளியே தெரியாது.

மூன்றாவது, தரை. கருங்கல் தரையின் மேல் கிரானைட்டோ டைல்ஸோ ஒட்டினால் மட்டம் உயரும். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் உள்ள கல்வெட்டு மூடிப்போகும், மழைநீர் வெளியே வழியாமல் உள்ளே திரும்பும். ஆத்தங்குடிக் கல் அழகானதுதான். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணத்தை ஊற்றி, உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, மேலே ஈரக் கலவையை அழுத்தி, நீரில் ஊறவைத்துப் பதமாக்குவது. சூளையில் சுடாத கல் அது. அபிஷேக எண்ணெயும் புளிப்பான நீரும் தினமும் விழும் கருவறைப் பக்கத்துக்கு ஒத்துவராது. திருச்சுற்றுக்கும் பள்ளிவாசல் கூடத்துக்கும் ஒத்துவரும்.

கல்லைச் சுத்தம் செய்ய மணல் வீச்சு முறையைப் பயன்படுத்துவது தமிழகக் கோயில்களில் தடைசெய்யப்பட்டது. எழுத்தும் உளி நுட்பமும் சேர்த்தே அது அரித்துவிடும். நீரும் மென்மையான தூரிகையும் பொறுமையும் போதும்.

அட்டபந்தனம் இந்துக் கோயிலுக்கே உரிய நுட்பம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் விடாமல் இடித்து இளக்கி, திரியாக உருட்டி, பீடத்துக்கும் திருமேனிக்கும் நடுவே சூட்டோடு அழுத்துவார்கள். இடிப்பில் குறை வைத்தாலோ ஆறவிட்டுப் பிறகு வைத்தாலோ பிடிப்பு வராது. மருந்து வெடித்த இடத்தில் அபிஷேக நீர் இறங்கித் திருமேனி ஆடத் தொடங்கும். பன்னிரண்டு ஆண்டு காத்திருக்காமல் இடையிலேயே பார்த்துவிட வேண்டியது இது.

ஆண்டுப் பணியாக வைத்துக்கொள்ள வேண்டியவை சிலவே. ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே மேல்தளத் தூம்புகளைத் திறந்து நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். கோபுரத்திலும் மினாராவிலும் மணிக்கூண்டிலும் முளைத்த அரச, ஆலங்கன்றுகளை வேரோடு எடுத்துப் பொந்தைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும்; மேலே மட்டும் வெட்டினால் வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும். திருக்குளம், ஹவுஸ், ஊருணி ஆகியவற்றின் வரத்துக் கால்வாயைத் தூர் எடுக்க வேண்டும். மின் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும்; திருவிழாவுக்கு இழுத்த தற்காலிக ஒயரை அப்படியே விடுவது மூன்று மதத்தாரும் தவறாமல் செய்வது. இந்த நான்கு வேலைக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு, புள்ளிவரியிலும் சந்தாவிலும் பங்கு வரியிலும் தனித் தலைப்பாக எழுதி, உள்ளூரில் குடியிருக்கும் ஒருவர் பொறுப்பில் விட்டால், அடுத்த திருப்பணியின் மதிப்பீடு பெருமளவு குறையும்.